முழுக்கோடு நிற்குது, ஆனால் நெற் இல்லை: வன்னிக் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் வைஃபை பழுதுபார்க்கும் வரிசை

மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. திரும்பி வரும்போது புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன் வழியாகக் கிளிநொச்சி. கிழமைக்கு இரண்டு தரமாவது மோட்டார் சைக்கிளில் இந்த வட்டத்தைச் சுற்றுகிறேன். அரிசி ஆலை, பாமசி, பலசரக்குக் கடை, கூட்டுறவுச் சங்கம், கலியாண மண்டபம், மீன் வாடி என்று இடம் மாறினாலும் முறைப்பாடு ஒன்றுதான்: "தம்பி, லைன் செத்துப்போச்சு." போய்ப் பார்த்தால் பாதி இடங்களில் லைன் உயிரோடு இருக்கும். செத்துக் கிடப்பது ஒரு அடப்டராக இருக்கும், அல்லது மாத டேட்டா முடிந்திருக்கும், அல்லது அழகு கெடும் என்று ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள்.

அந்தப் பாதிப் பயணங்களைப் போனிலேயே முடிக்கலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

எதற்கும் முன்னர்: கோளாறு ரவுட்டருக்கு எந்தப் பக்கம்?

போனிலிருந்து ரவுட்டர் வரை ஒரு பாதை, அதுதான் வைஃபை. ரவுட்டரிலிருந்து டவருக்கோ பைபர் கம்பிக்கோ போவது இன்னொரு பாதை, அதுதான் நெற். எந்தப் பாதையில் வெட்டு என்று தெரியாமல் எதைத் தொட்டாலும் வீண்.

போனில் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். இதை மறந்துவிட்டுத்தான் பலர் "வைஃபை வேலை செய்யுது" என்கிறார்கள். அங்கே ஓடிக்கொண்டிருப்பது அவர்களுடைய சொந்த டேட்டா. அப்புறம் வைஃபையில் இணைந்து, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடியுங்கள். 192.168.1.1 அல்லது 192.168.8.1 போல ஒன்று இருக்கும். ரவுட்டரின் பக்கம் திறந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது, கோளாறு வெளிப்பக்கம். திறக்காவிட்டால் கோளாறு உங்கள் கட்டடத்துக்குள்.

இன்னொன்று. ரவுட்டரை அணைத்துப் போடுவது வேறு, பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊசியால் குத்துவது வேறு. துளையில் பத்து விநாடி அழுத்தினால் வைஃபைப் பெயர், பாஸ்வேட், கம்பனி போட்டுத் தந்த செட்டிங் எல்லாம் அழிந்துவிடும். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய பழுது அரை நாள் வேலையாவது பெரும்பாலும் அந்த ஊசியால்தான்.

வைஃபை முழுக்கோடு, எந்தப் போனிலும் ஒன்றும் திறக்குதில்லை

*சிம் போடும் 4ஜி ரவுட்டர் என்றால்*

முதலில் டேட்டாக் கணக்கைப் பாருங்கள். பகலுக்கு ஒரு அளவு, இரவுக்கு ஒரு அளவு என்று பிரித்துத் தரும் பக்கேஜ்கள் நிறைய. இரவு டேட்டா மலைபோலக் கிடக்கும், பகல் டேட்டா இருபதாம் திகதியே முடிந்திருக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு "இருக்குத்தானே" என்று என்னைக் கூப்பிடுவார்கள்.

டேட்டா இருந்தால், அதே கம்பனி சிம் போட்ட பக்கத்துக் கடைப் போனைப் பாருங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் டவர்ப் பக்கக் கோளாறு. நீண்ட நேரம் கரண்ட் நின்ற நாட்களில் டவரின் பற்றரியும் இறங்கிவிடும். உங்கள் கடையில் ஜெனரேற்றர் ஓடினாலும் பயனில்லை, கம்பனிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

அவர்களுக்கு இருந்து உங்களுக்கு இல்லையென்றால் ரவுட்டர் பக்கத்துக்குள் போய் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற எண்ணைத் தேடுங்கள். டவர் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்று அதுதான் சொல்லும். அது எப்போதும் கழித்தல் எண். -90க்கு மேலே, அதாவது -85, -80 என்று இருந்தால் நல்லது. -100 என்றால் இழுபறி. -110க்குக் கீழே போனால் மழை முகில் கறுத்தாலே விழும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றில் ரவுட்டரைக் கொளுவி கடைக்குள் நாலைந்து இடத்தில் வையுங்கள்: முன் யன்னல், பின் யன்னல், அலுமாரி மேல். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் விட்டு எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். தகரக் கூரைக் கட்டடத்தில் நடு மேசைக்கும் யன்னலுக்கும் இடையில் பதினைந்து எண் வித்தியாசம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

யன்னலிலும் -110 என்றால் வெளி அன்ரனாதான் வழி. வாங்குவதற்கு முன் ரவுட்டரின் பின்னால் அன்ரனா திருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா மொடலிலும் இல்லை. கம்பம் நட்டு உயரத்தில் ஏற்றும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். மின்கம்பியும் இடியும் இருக்கிற ஊர் இது. மாங்குளத்துப் பக்கம் என்றால் குரங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்ரனா வயரை ஊஞ்சலாக்கிய குரங்குக் கூட்டம் ஒன்றுக்காக ஒரே இடத்துக்கு மூன்று தரம் போனேன், கடைசியில் வயரை பிவிசி குழாய்க்குள் விட்டபின்தான் தப்பியது.

*பைபர் என்றால்*

பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிகிறதா, மினுங்குகிறதா? அப்படியென்றால் வெளிச்சம் கம்பியால் வரவில்லை. மெல்லிய பைபர் வயர் எங்காவது கதிரைக் காலுக்குள் நசிந்திருக்கிறதா, எலி கடித்ததா, கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மடிந்திருந்தால் தளர்த்திவிடுங்கள். மற்றபடி கழற்றிப் பூட்ட வேண்டாம், நுனியைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவும் வேண்டாம். சிவப்பு போகாவிட்டால் அது கம்பனியின் வேலை, என்னைக் கூப்பிட்டும் பயனில்லை. சிவப்பு இல்லாமல் நெற் மட்டும் இல்லையென்றால் பில் கட்டியாயிற்றா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இதுவும் மாதத்துக்கு இரண்டு வரும்.

கவுண்டரில் பறக்குது, பின்னால் களஞ்சியத்தில் இல்லை

என் வேலையில் பாதி இந்த ஒரு தலைப்புத்தான்.

பரந்தன் பக்கம் ஒரு அரிசி ஆலை. தராசடியில் நிற்கும் பிள்ளை டப்லெற்றில் மூட்டை எண்ணிக்கை பதிய வேண்டும். ஐப்பசியில் நான் போய்ப் பூட்டிக் கொடுத்தபோது களஞ்சியத்தின் கடைசி மூலை வரை ஓடியது. பங்குனியில் முதலாளி கூப்பிட்டார்: "தம்பி, நீ பூட்டினது பழுதாப்போச்சு." போனேன். காலபோக அறுவடை முடிந்து முகடு முட்ட நெல் அடுக்கியிருந்தது. ரவுட்டருக்கும் தராசுக்கும் நடுவில் எட்டு வரிசை மூட்டை. நெல்லுக்குள் இருக்கும் ஈரம் வைஃபை அலையைக் குடித்துவிடும், புது நெல் என்றால் இன்னும் அதிகம். அவரே பிறகு கண்டுபிடித்துச் சொன்னார்: "மூட்டை வித்துக் குறையக் குறைய லைன் கூடுது பாத்தியே." அவர் சொன்னது முழுச்சரி. வெறுங் களஞ்சியத்தில் சோதித்துவிட்டுப் போன என் பிழை அது. அன்றிலிருந்து களஞ்சியத்துக்கு வைஃபை திட்டமிட்டால் "இது நிரம்பினால் எந்த உயரம் வரும்?" என்பதுதான் என் முதல் கேள்வி.

சரி, சோதனைக்கு வருவோம்.

காசில்லாதது முதலில். ரவுட்டர் தரையில், லாச்சிக்குள், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் இருக்கிறதா? எடுத்து ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் வையுங்கள். தண்ணீரும் இரும்பும்தான் பெரிய எதிரிகள். தகரச் சுவர் ஒன்று நடுவில் இருந்தால் அலை ஊடுருவாது, மோதித் திரும்பிவிடும். கதவு திறந்திருக்கும்போது மட்டும் லைன் வருகிறது என்றால் காரணம் இதுதான். சீமெந்துக் கல் சுவர் கொஞ்சம் விடும், பலகைத் தடுப்பு நன்றாக விடும்.

அடுத்து, எந்த அலைவரிசையில் நிற்கிறது என்று பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டாது. 2.4 மெதுவானது, தாண்டும். களஞ்சியத்துச் சாதனங்களை 2.4இல் விடுங்கள். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். சனலை ஓட்டோவில் விட்டு, சந்தையடிக் கடைகள் எல்லாம் ஒரே 6இல் குவிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். போனில் வைஃபை அனலைசர் என்ற வகையில் ஒரு செயலியை இறக்கிப் பாருங்கள், எது காலியாக இருக்கிறதோ அதில் போடுங்கள். அதே செயலியில் சிக்னல் எண்ணும் தெரியும்: வேலை செய்யும் இடத்தில் -67 அல்லது அதைவிட நல்லதாக இருக்க வேண்டும். -75 தாண்டினால் இழுக்கும், -80இல் அறுந்து அறுந்து வரும்.

இவ்வளவும் செய்து சரிவராவிட்டால்தான் காசு. கடையில் போனால் ரிப்பீட்டரைத் தூக்கித் தருவார்கள். சுவரில் குத்தினால் போதும், வயர் வேண்டாம், விலையும் குறைவு. வாங்காதீர்கள். சாதாரண ரிப்பீட்டர் ரவுட்டரிலிருந்து பிடித்த சிக்னலையும் அதே காற்றில்தான் திரும்ப விடுகிறது, வேகம் பாதியாகும். அதோடு ரவுட்டரின் லைன் பலவீனமான இடத்தில் அதைப் பூட்டினால், பலவீனத்தைத்தான் அது பெருக்கிக் கொடுக்கும்.

வயர் இழுத்து இரண்டாவது அக்ஸஸ் பொயின்ற் (வைஃபை பரப்பும் பெட்டி) பூட்டுவதுதான் நிலைக்கும் வழி. பழைய ரவுட்டர் ஒன்று கிடந்தால் அதையே பயன்படுத்தலாம்:

1. பழைய ரவுட்டரின் முகவரியை முதலாவதோடு மோதாமல் மாற்றுங்கள். முதலாவது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. முதலாவது ரவுட்டர் போன்களுக்கு விநியோகிக்கும் ஐபி (முகவரி எண்) வரிசைக்குள் இந்த எண் இருக்கக்கூடாது.
2. அதில் டிஎச்சிபியை (DHCP, தானாக ஐபி கொடுக்கும் வசதி) நிறுத்துங்கள். இதை மறந்தால் இரண்டு ரவுட்டரும் போட்டிபோட்டு ஐபி கொடுத்து முழுக் கடையும் குழம்பும்.
3. லான் கேபிளை அதன் லான் (LAN) துளையில் கொளுவுங்கள், நிறம் வேறாக இருக்கும் வான் (WAN) துளையில் அல்ல.
4. வைஃபைப் பெயரும் பாஸ்வேட்டும் முதலாவதில் உள்ளதே. சனல் மட்டும் வேறு: அது 1 என்றால் இது 11.

ஒரு லான் கேபிள் 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. கட்டடத்துக்கு வெளியே முற்றத்தால் போவதென்றால் கறுப்பு உறை போட்ட வெளிக் கேபிள் வாங்குங்கள். சாதாரணக் கேபிளின் உறையை வன்னி வெயில் ஒன்றிரண்டு வருடத்தில் பொரித்துவிடும். இரண்டு தனிக் கட்டடங்களுக்கு நடுவில் செப்புக் கேபிள் இழுப்பது எனக்குப் பிடிக்காத வேலை. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு பக்கமும் போகும். அப்படியான இடத்துக்குப் பைபர் இழுக்க வேண்டும், அல்லது ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் பூட்ட வேண்டும். ஆலையிலிருந்து வீதியோரக் கடைக்கு முந்நூறு மீற்றர் என்றாலும் அதுதான். இங்கே நீங்கள் நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். நடுவில் நிற்கும் மாமரம் இன்று தள்ளி நின்றாலும் இரண்டு மாரி கழியக் கொப்பு வந்து மறிக்கும், அதையும் பார்த்துத்தான் உயரம் வைக்க வேண்டும்.

நாளுக்கு நாலு தரம் ரவுட்டர் தானாக அணைந்து எரியுது

ரவுட்டரைக் குற்றம் சொல்ல முன் அடப்டரைப் பாருங்கள். மல்ரிமீற்றரை வைத்தால் 12 வோல்ட் காட்டும், "இது நல்லம்" என்பார்கள். வெறுமனே அளந்தால் கிழட்டு அடப்டரும் 12 காட்டும். ரவுட்டர் இழுக்கத் தொடங்கும்போதுதான் 9க்கு இறங்கும். ஆகவே நம்பக்கூடிய சோதனை ஒன்றுதான்: அதே வோல்ட், அதே அல்லது கூடிய அம்பியர் எழுதிய நல்ல அடப்டரை மாற்றிப் போட்டு ஒரு நாள் விடுவது. பழைய செற்றொப் பெட்டியின் அடப்டரும் பிளக் பொருந்துகிறதே என்று கொளுவாதீர்கள். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 கொடுத்தால் அது எரிந்துபோகலாம்.

எப்போது அணைகிறது என்று நேரத்தை எழுதி வையுங்கள். ஆலை மோட்டர் தொடங்கும் நேரத்தோடு ஒத்துப்போனால் காரணம் அங்கே. மோட்டர் எழும்பும்போது ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அந்தக் கணம் லைற் மங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 100-240 வோல்ட் என்று எழுதிய நல்ல அடப்டர் இதைத் தாங்கும், கிழடு தாங்காது. ரவுட்டருக்கு முன் சின்ன டிசி யூபிஎஸ் ஒன்று போட்டால் தீரும், கரண்ட் நின்றாலும் ஓடும்.

யூபிஎஸ் வாங்கும்போது பெட்டியில் பெரிதாக எழுதிய மில்லி அம்பியர் மணியைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரியின் கணக்கு. 10,000 என்றால் 37 வாட் மணி, மாற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் முப்பது என்று வையுங்கள். உங்கள் ரவுட்டர் 7 வாட் இழுத்தால் நாலு மணித்தியாலம். பைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு "வைஃபை நிக்குது, நெற் இல்லை" என்று முதல் தலைப்புக்குத் திரும்பி வருபவர்கள் உண்டு.

மத்தியானம் மட்டும் அணைந்தால் சூடு. கடை ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 பாகை வரைதான் தாங்கும் என்று எழுதியே வருகின்றன. தகரத்துக்குக் கீழே, வளையில் கட்டிவிட்டால் ஆவணி வெயிலில் அது என்ன பாடுபடும்? ஒரு முழம் கீழே இறக்குங்கள், மேலே துணி போடாதீர்கள்.

எறும்பு: அடப்டருக்குள்ளும் பிளக் பொயின்ற்றுக்குள்ளும் கூடு வைக்கும். கரண்டை நிறுத்திவிட்டுக் கழற்றித் தட்டுங்கள். பூச்சிமருந்து அடித்து ரவுட்டரையும் சேர்த்துக் கொன்றவர்களை எனக்குத் தெரியும். முல்லைத்தீவுக் கரையில் வாடிகளுக்குள் இருப்பதென்றால் உப்புக்காற்று லான் துளைகளின் உலோகக் கால்களைப் பச்சை பிடிக்க வைக்கும். பயன்படுத்தாத துளைகளையும் ரேப் ஒட்டி மூடுங்கள்.

இடி இடித்த பிறகு வந்த கோளாறு என்றால் நேரே ஆளைக் கூப்பிடுங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி நம் ஊருக்குப் பழக்கம். ஸ்விச்சை அணைப்பது போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். அன்ரனா வயரையும் வெளியிலிருந்து வரும் லான் கேபிளையும்கூடத்தான். சேர்ஜ் புரொடெக்டர் இருக்கிறதே என்பவர்களுக்கு: எர்த் சரியில்லாவிட்டால் அது வெறும் பிளக் பலகை. கோடையில் நிலம் வெடித்துக் காய்ந்து கிடக்கும்போது எர்த் கம்பி நட்டும் பயன் குறைவு. அதை அளந்து பார்ப்பது மின்சார வேலைக்காரரின் பொறுப்பு.

காலையில் நல்லம், பின்னேரம் ஆமை

முதலில் ஒரு சோதனை. காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு எட்டு மணிக்கு ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று ஸ்பீட் டெஸ்ட் எடுத்து மூன்று நாள் எழுதுங்கள். இரவு எட்டுக்கு மட்டும் விழுந்தால், கடை பூட்டி ஆட்கள் போன பிறகும் விழுந்தால், டவரில் கூட்டம். வேறு கம்பனி சிம் ஒன்றைப் போட்டு அதே நேரத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு மாறுவதா என்று முடிவு செய்யுங்கள்.

கடை திறந்திருக்கும்போது மட்டும் விழுந்தால் உள்ளே யாரோ குடிக்கிறார்கள். ரவுட்டர் பக்கத்தில் இணைந்திருப்போர் பட்டியலைத் திறவுங்கள். ஆறு பேர் வேலை செய்யும் கடையில் முப்பத்தொரு போன் இணைந்திருந்ததை எண்ணியிருக்கிறேன். பாஸ்வேட் பஸ் ஸ்ராண்டுக்கே தெரிந்திருந்தது. வாடிக்கையாளருக்குத் தனி கெஸ்ட் வைஃபை திறந்து வேகத்தைக் கட்டுங்கள், பில் போடும் கொம்பியூட்டர் அதில் இருக்கவே கூடாது. பெரும்பாலான ரவுட்டரில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது, திறப்பதற்குக் காசில்லை.

அதுவும் சரியென்றால் கமராவைப் பாருங்கள். ஒரு கமரா விநாடிக்கு ஒரு மெகாபிட் வீதம் இரவுபகலாகக் கிளவுட்டுக்கு அனுப்பினால் ஒரு நாளுக்கு 10.8 கிகாபைட். நாலு கமரா என்றால் 43. மாத டேட்டா எங்கே போகிறது என்று தேடுபவர்கள் முகட்டைப் பார்த்தால் போதும். பதிவைக் கடைக்குள் இருக்கும் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து பார்க்கும்போது மட்டும் அனுப்பும்படி மாற்றுங்கள்.

சிலருக்குப் பிடிக்குது, சிலருக்கு "ஐபி எடுக்கிறது" என்றே நிற்குது

கலியாண மண்டபங்களின் வியாதி. ரவுட்டர் கொடுக்க வைத்திருக்கும் ஐபி முடிந்துவிட்டது. பல ரவுட்டர்கள் 100 முதல் 199 வரை நூறு எண்தான் வைத்திருக்கும், ஒருவருக்குக் கொடுத்ததை ஒரு நாள் வரை திருப்பி எடுக்காது. காலைத் தாலிகட்டுக்கு வந்தவர்களின் ஐபி இரவு விருந்துக்கு வந்தவர்களுக்குக் கிடைப்பதில்லை. டிஎச்சிபி வரிசையை 20 முதல் 250 வரை அகட்டி, காலத்தை ஒரு மணித்தியாலமாகக் குறையுங்கள். கொம்பியூட்டரில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் அதுவும் ஐபி கிடைக்காததன் அடையாளம்.

மேக் எண்ணை (வைஃபையில் ஒவ்வொரு போனையும் அடையாளம் காட்டும் எண்) வைத்துப் போன்களை அனுமதித்திருந்தால் அதையும் கைவிடுங்கள். அன்ட்ரொயிட் 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் எண்ணை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. நேற்று அனுமதித்த போன் வைஃபையை மறந்து புதிதாக இணைந்தால் இன்று அந்நியனாக வரலாம்.

இருநூறு பேர் ஒரே நேரத்தில் வருவார்கள் என்றால் வீட்டு ரவுட்டர் ஒன்று எந்த செட்டிங்கிலும் தாங்காது. அங்கே அக்ஸஸ் பொயின்ற்கள் மூன்று நாலு திட்டமிட்டுப் பூட்ட ஆள் வேண்டும்.

போன் இணைகிறது, கார்ட் மெசினோ பிரின்டரோ இணையமாட்டேன் என்கிறது

அந்தச் சாதனங்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் தெரிந்தவை. 5க்குத் தனிப்பெயர் கொடுத்திருந்தால் அதைத் தேடிக் காணாது. ரவுட்டரில் வைஃபைப் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 (WPA3) என்று மட்டும் இருந்தால் பழைய சாதனம் பாஸ்வேட் சரியாக இருந்தாலும் மறுக்கும். டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்த நிலைக்கு மாற்றுங்கள். கம்பனி மாற்றித் தந்த புது ரவுட்டர் வந்த அடுத்த நாள் வரும் அழைப்பு பெரும்பாலும் இதுதான். புது ரவுட்டருக்குப் பழைய பெயரையும் பாஸ்வேட்டையும் ஒரு எழுத்து மாறாமல் கொடுத்தால் பாதி வேலை மிச்சம்.

கார்ட் மெசினுக்குள் சொந்த சிம் இருந்தால் உங்கள் வைஃபையைத் திருத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை, வங்கிக்குச் சொல்லுங்கள்.

லங்காகியூஆரால் (கியூஆரைப் போனில் ஸ்கான் செய்து கட்டும் முறை) பணம் வந்ததற்கான எஸ்எம்எஸ் பிந்துகிறது என்று ஒரு அக்கா கூப்பிட்டார். வாடிக்கையாளர் பணம் கழிந்த மெசேஜைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், அக்காவின் போன் பேசாமல் கிடக்கிறது. வைஃபை முழுக்கோடு. ஆனால் எஸ்எம்எஸ் வருவது போன் கவரேஜால், அந்தப் போன் தகரக் கூரைக்குக் கீழே காசு லாச்சிக்குள் இருந்தது. யன்னல் விளிம்பில் ஒரு தாங்கி வைத்துப் போனை அங்கே நிறுத்தினோம். அதோடு வங்கியின் செயலியையும் போட்டுக் கொடுத்தேன், அது வைஃபையாலேயே காட்டும். அந்த வேலைக்கு நான் காசு வாங்கவில்லை, கச்சான் தந்தார்.

வேலையை விட்டுப் போன பையனோடு கடையின் போனும் போய்விட்டது

போன் திரும்பி வந்தாலும் பிரச்சினை தீராது. அவருடைய கூகுள் கணக்கு போட்ட போனை அப்படியே ரீசெட் செய்தால், எழும்பும்போது பழைய கணக்கின் பாஸ்வேட்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். ஆகவே போனைக் கையில் வாங்கும்போது அவர் முன்னிலையிலேயே செட்டிங்குக்குள் போய்க் கணக்கை நீக்குங்கள், அப்புறம் ரீசெட். அவர் அவுஸ்திரேலியா போன பிறகு கூப்பிட்டு "தம்பி, அந்தப் பாஸ்வேட் என்ன?" என்று கேட்கும் நிலை வேண்டாம்.

கடை வாட்ஸ்அப் எந்த சிம்மில் இருக்கிறது? அந்த சிம் யாருடைய அடையாள அட்டையில் எடுத்தது? அவருடையது என்றால் உங்கள் வாடிக்கையாளர் எல்லோரும் அவரோடு போனார்கள் என்று பொருள். சிம்மை முதலாளி பெயரிலோ வியாபாரப் பெயரிலோ எடுங்கள், இரண்டுபடிச் சரிபார்ப்பு எண்ணை நீங்கள் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டர்க் கொம்பியூட்டரில் வாட்ஸ்அப் அடிக்கடி அறுகிறது என்றால் மூலப் போன் எங்கோ அணைந்து கிடக்கிறதா என்று தேடுங்கள். 14 நாள் அதைத் திறக்காவிட்டால் இணைத்த கொம்பியூட்டர்களும் வெளியேற்றப்படும்.

போன் தொலைந்தால் அந்த நிமிடமே கூகுளின் சாதனத்தைத் தேடும் பக்கத்திலிருந்து பூட்டுங்கள் அல்லது அழியுங்கள், கம்பனிக்குச் சொல்லி சிம்மை நிறுத்துங்கள், கடை வைஃபைப் பாஸ்வேட்டை மாற்றுங்கள், பொலிஸில் பதியுங்கள். பொலிஸ் ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி எண்ணைக் கேட்கும். போன் கையில் இருக்கும்போதே *#06# அழுத்தி அந்த எண்ணைக் கொப்பியில் எழுதாவிட்டால் அன்றைக்குப் பெட்டியைத் தேடிக் களஞ்சியத்தைப் புரட்ட வேண்டிவரும். பழைய போன் வாங்கிக் கொடுப்பவர்கள் ஐஎம்இஐயை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, அது தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த போன்தானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று நாலு போன் என்றால் ஒரு கொப்பி போதும்: யாரிடம், எந்த சிம், எந்தக் கணக்கு, ஐஎம்இஐ என்ன. பால் சேகரிக்கவும் கடன் தவணை வாங்கவும் ஊரூராகப் போகும் பத்துப் பதினைந்து பேருக்குப் போன் கொடுக்கும் சங்கம் என்றால், சாதன மேலாண்மை மென்பொருள் ஒன்றுக்குள் எல்லாவற்றையும் சேர்க்க ஆளைக் கூப்பிடுங்கள். புது அன்ட்ரொயிட் போனின் வரவேற்புத் திரையில் ஆறு தரம் தட்டினால் கியூஆர் கேட்கும். அந்தக் கணத்தில் சேர்த்தால்தான் போன் முழுதாகச் சங்கத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும். பையன்கள் போனை வாங்கிப் பாட்டுப் போட்டு, படம் ஏற்றி, இரண்டு மாதம் கழித்து என்னிடம் கொண்டுவந்தால் திரும்ப ரீசெட் செய்து முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆகவே போன் வாங்கினால் பெட்டியை உடைக்காமல் கொண்டு வாருங்கள்.